எடுக்கும் வாசல்: சீட்டு, பவுண், எஃப்டி, திறைசேரி உண்டியல் பாவித்த அனுபவம்

மட்டக்களப்பில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு 2018 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வருகிறேன். தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை, ஓய்வூதியம் கிடையாது. இதற்குள் சீட்டு, தங்கம், எஃப்டி என்கிற நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், பலரின் காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் டிரஸ்ட், கொஞ்சம் பங்கு என்று எல்லாவற்றிலும் கை வைத்தாகிவிட்டது. நடுவில் 2022 பொருளாதார நெருக்கடி வேறு வந்து போனது. எது எவ்வளவு வட்டி தரும் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போட்ட காசு தேவைப்பட்ட நாளில் எப்படித் திரும்பி வந்தது, அதாவது அதன் எடுக்கும் வாசல் எப்படி என்பதைத்தான் நான் எழுதப் பார்க்கிறேன். என் அளவில் நல்ல இடம், கூடாத இடம் என்று பிரிப்பது அதுதான்.

சீட்டில் இருந்து தொடங்குகிறேன், இங்கே எல்லோரும் அதில் இருந்துதானே தொடங்குகிறார்கள். இருபது பேர், மாதம் பத்தாயிரம், கையில் வருவது இரண்டு இலட்சம். முதல் முறை சீட்டுப் பிடிக்கிறவருக்கு, அதாவது அதை நடத்துகிறவருக்கு, மற்றதெல்லாம் குலுக்கல். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை. வட்டியும் இல்லை என்பார்கள், ஆனால் அது இருக்கிறது. எத்தனையாவது ஆளாக எடுக்கிறோம் என்பதில் ஒளிந்திருக்கிறது. முன்னுக்கு எடுப்பவர் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் அந்தக் கடனைக் கொடுக்கிறார். விலைவாசி அசையாத காலத்தில் இது தெரியாது. 2021இல் தொடங்கிய சீட்டு ஒன்றில் எனக்குப் பெயர் விழுந்தது கடைசிப் பக்கமாக, 2022 செப்டெம்பரில். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த மாதப் பணவீக்கம் 69.8 சதவீதம். சீட்டுப் பிடித்த அக்கா சொன்ன நாளில் முழுக் காசையும் எண்ணித் தந்தார், அவரில் ஒரு குறையும் இல்லை. சீமெந்துக் கடைக்குப் போனபோதுதான் அது பழைய இரண்டு இலட்சம் இல்லை என்று விளங்கியது.

ஆனாலும் சீட்டை விடவில்லை. அதன் எடுக்கும் வாசலில் மனிதர்கள் நிற்கிறார்கள். மச்சாளின் ஒபரேஷனுக்கு அவசரமாகக் காசு வேண்டியபோது, பெயர் விழுந்தவர் தன் முறையை மாற்றிக் கொடுத்தார். வங்கியில் இது நடக்காது. இப்போது ஒரு வருடத்துக்குள் முடியும் சீட்டு மட்டும், அதுவும் பிள்ளையின் பள்ளிச் செலவு, கோயில் திருவிழா மாதிரித் தெரிந்த செலவுகளுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

பவுண் கதை வேறு. 2022 தொடக்கத்தில் 22 கரட் பவுண் (எட்டு கிராம்) ஒன்று ஒன்றேகால் இலட்சத்துக்குள் இருந்தது. 2025 முடியும்போது மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. உலக விலை ஏறியது ஒரு காரணம், ரூபாய் விழுந்தது இன்னொன்று. டொலர் 200இல் இருந்து 360 வரை போன அந்தச் சில வாரங்களில் வீட்டுப் பெண்களின் கழுத்தில் கிடந்ததுதான் குடும்பத்தின் வெளிநாட்டுக் காசாக இருந்தது. ஆனால் நகையை முதலீடு என்று கடைக்காரர் சொல்லும்போது செய்கூலியையும் சேதாரத்தையும் பேசாமல் விடுகிறார். வாங்கிய கடையிலேயே விற்கப் போனாலும் அந்த இரண்டும் திரும்பாது, மேலே கழிவு வேறு பிடிப்பார்கள். தங்கத்துக்கு நல்ல வாசல் விற்பது இல்லை, அடகு. படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் மைத்துனர் விதைப்புக்கு முன் மனைவியின் மாலையை வங்கியில் வைப்பார், அறுவடை முடிந்ததும் மீட்பார். அவர் மட்டும் இல்லை, பெரும்போகம் தொடங்கும் நாட்களில் அடகுக் கவுண்டரில் நின்று பாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் காசு கையில் வரும், சம்பளத் துண்டோ பிணையாளோ தேவையில்லை. அதே ஊர்களில் நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக் கட்டி நொந்துபோன பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த அடகின் அருமை விளங்கும்.

எஃப்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவசரம் வந்தால் உடைக்க வேண்டாம், அதன்மேல் கடன் கேளுங்கள். முதிர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது உடைத்தால் வட்டியைக் குறைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வங்கி விழுந்தால் வைப்புக்குக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான், அதனால் அதற்கு மேல் போனால் இன்னொரு வங்கிக்கு மாற்றிவிடுகிறேன். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு மட்டும் அரசாங்கத்தின் முழுப் பொறுப்பு உண்டு, 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று நிதிக் கம்பனிக்கு ஓடுகிறவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, காப்புறுதியில் அப்போது கிடைத்த உச்சம் ஆறு இலட்சம். அதற்கு மேல் போட்டிருந்தவர்கள் காத்திருக்க வேண்டி வந்தது.

நான் அதிகம் பாவித்தது திறைசேரி உண்டியல். அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடன் இது. புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை காசு போகும். வட்டி பிறகு வராது, முன்னுக்கே கழித்துக்கொண்டு வாங்குகிறோம். 30 சதவீதத்தில் ஒரு இலட்சத்துக்கு 91 நாள் உண்டியல் என்றால் இன்று கொடுப்பது கிட்டத்தட்ட 93,040 ரூபாய், முதிர்வில் ஒரு இலட்சம். இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 2022 முடிவில் வீதம் 30க்கு மேல் நின்றபோது, ஒரு இலட்சம் போட்டால் மூன்று மாதத்தில் முப்பதாயிரம் கிடைக்கும் என்று சந்தையில் பேசித் திரிந்தவர்கள் இருந்தார்கள். அது வருட வீதம். மூன்று மாதத்துக்குக் கிடைப்பது ஏழாயிரம் சொச்சம், மறுகா அன்றைய வீதத்தில் புதிதாக வாங்க வேண்டும். அந்த வீதமும் நிற்கவில்லை. 2023 முடிவில் 14.5 அளவு, 2024 முடிவில் 9க்கும் கீழே. 364 நாளுக்கு வாங்கிப் பூட்டியவர்கள் மூன்று மாத உண்டியல்காரரை விட நன்றாகச் செய்தார்கள். நான் இரண்டிலும் பாதிப் பாதி போட்டிருந்தேன். கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, எது நல்லது என்று தெரியாததால் அப்படிச் செய்தேன்.

மட்டக்களப்பில் இருந்து இதை வாங்குவது கொஞ்சம் அலைச்சல். ஏலத்தில் நேரே வாங்கும் முதன்மை வணிகர்கள் கொழும்பில், நமக்கு வங்கிக் கிளைதான். ஒரு கிளையில் கேட்டபோது, “அதெல்லாம் கஷ்டம், எஃப்டி போடுங்க” என்றார்கள். இன்னொரு கிளையில் அரை நாளில் படிவம் நிரப்பித் தந்தார்கள். எனவே ஒரு இடத்தில் இல்லை என்றால் அடுத்த இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 2023 ஜூன் வந்தது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறார்கள் என்றதோடு ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் பூட்டு. என் மாமா கேட்டார்: “மருமகன், அரசாங்கமே காசில்லாம இரிக்கு, நீங்க அதுக்குப் போய்க் கடன் குடுத்திரிக்கீங்க. வருமா?” நியாயமான கேள்வி. எனக்கும் அந்த ஐந்து நாளும் நித்திரை ஒழுங்காக வரவில்லை. கடைசியில் மக்களும் வங்கிகளும் வைத்திருந்த உண்டியல்களைத் தொடவில்லை, மத்திய வங்கி கையில் இருந்தவற்றைத்தான் மாற்றினார்கள். அடி விழுந்த இடம் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்). அது வைத்திருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களான பிணைமுறிகளை நீண்ட காலத்துக்கு, குறைந்த வட்டிக்கு மாற்றச் சொன்னார்கள், மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி. சம்பளத்தில் நம் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் போய்ச் சேரும் இடம் அது. பணவீக்கம் எழுபதைத் தொட்ட 2022க்கு அது தந்த வட்டி 9 சதவீதம். ஈபிஎஃப் இருக்கிறதுதானே என்று வேறு ஒன்றும் சேர்க்காமல் இருக்கும் சக ஊழியர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள், அடுத்த மாதமே லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வருகிறது.

பங்கு என்னிடம் கொஞ்சம்தான். 2020க்குப் பிறகு கைத்தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கலாம் என்றானது கொழும்பில் இல்லாதவர்களுக்கு நல்ல காரியம். ஆனால் 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு கிழமை சந்தையையே நிறுத்தி வைத்தார்கள், விற்க நினைத்தாலும் வழியில்லை. 2025இல் பங்கு விலைச் சுட்டெண் 20,000ஐத் தாண்டியது, அதுவும் உண்மை. ஐந்தாறு வருடம் தொட மாட்டேன் என்ற காசு மட்டும் அங்கே இருக்கிறது. பணச் சந்தை யூனிட் டிரஸ்ட் அதற்கு எதிர்ப்பக்கம். ஒன்றிரண்டு வேலை நாளில் காசு வரும், ஆனால் வைப்புக் காப்புறுதி அதற்கு இல்லை.

ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்த்தால் நிதிச் சுதந்திரம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது அமெரிக்கச் சந்தையின் பழைய தரவில் பிறந்தது. ஒரே வருடத்தில் விலை முக்கால் மடங்கு ஏறிய நாட்டில் அதை அப்படியே போட முடியாது. அதோடு எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்கு. மகளுக்கு ஒரு வீடு கட்டாமல் எந்தத் தகப்பனும் இங்கே சுதந்திரம் பேச மாட்டான். எனக்கும் மகள் இருக்கிறாள். அந்த வீட்டுக்காசு எடுக்கும் வாசலே இல்லாத காசு, கல்லும் மண்ணுமாக நின்றுவிடும். அதனால் அதை முதலீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, செலவில் எழுதுகிறேன். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.

வட்டிக்குப் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5இல் இருந்து 10 சதவீதமானது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம். அம்மாவின் வைப்புக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் படிவம் கொடுக்கப் போகிற அன்றே பின்னுரித்தாளர், அதாவது வைத்தவர் இறந்தால் காசு சேர வேண்டியவர், பெயர் பதிந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அம்மாவின் பழைய கணக்கில் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடந்தது.