திருகோணமலையில் ஒரு வர்த்தமானியைத் தேடிப் பிடித்த விதம்

காணி சுவீகரிப்பு விசயமாக வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். உப்புவெளிப் பக்கம் சித்திக்கு இருந்த காணியில் ஒரு துண்டை அரசாங்கம் எடுத்துவிட்டது. நட்டஈட்டுக்கு எழுதப் போனால் ஒரு அலுவலகத்தில் "வர்த்தமானியில் வந்திட்டுது, கொழும்புக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வர்த்தமானி என்றால் அரசாங்கம் தன் அறிவித்தல்களை வெளியிடுகிற இதழ். அது எந்தத் திகதி, என்ன இலக்கம், ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் நோவோடு இருக்கிற மனிசியை இப்படி அலைய விடலாமா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

கொழும்புக்குப் போகவே தேவையில்லை. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானி, சட்டம், சட்டமூலம் எல்லாம் இலவசமாக இறக்கலாம், தமிழிலும் இருக்கிறது. ஆனால் தேடுவதுதான் பாடு. பிடிஎப் உள்ளே தமிழில் "காணி" என்று அடித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, எழுத்துருச் சிக்கல். இரவிரவாகப் போனில் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து நூலகத்துக்குப் போனேன். அங்கே படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் முதலே கேட்டு, என்ன தேவை என்று ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு போனதால் உள்ளே விட்டார்கள். சும்மா போய் வாசலில் நின்றால் சரிவருமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆகவே கேட்டுவிட்டே போங்கள். அங்கிருந்த உதவியாளர் தங்கைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர் சொன்ன முதல் விசயம், சொல்லைத் தேடாதீங்கோ, திகதியைத் தேடுங்கோ என்பது. சாதாரண வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், அதிவிசேஷ வர்த்தமானி எந்த நாளும் வரலாம். அதிவிசேஷத்தின் இலக்கத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அந்த வாரத்துக்குரியது, பின்னால் இருப்பது அந்த வாரத்தில் அது எத்தனையாவது என்பது. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதி, சட்டத்தில் எந்தப் பிரிவு என்று அறிவது. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வெறும் தொடக்கம்தான், உரித்துள்ளவர்கள் வந்து கோரிக்கை கொடுங்கள் என்று கூப்பிடுவது 7ஆம் பிரிவு, அவசரமாக உடைமை எடுத்தால் 38ஆம் பிரிவுக் கட்டளை. சித்தியிடம் பழைய கடிதம் ஒன்று இருந்தது, அதில் இருந்த திகதியை வைத்து அதற்குப் பின்னால் வந்த வாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகப் பிரிவின் பெயரைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போனோம். பின்னேரத்துக்குள் அகப்பட்டது. வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் அதிலேயே இருந்தன, அப்படியே அச்செடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டோம். இணையத்தில் ஏறாத மிகப் பழையது என்றால் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் (பழைய றீட் அவென்யூ) உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தைத்தான் கேட்க வேணும்.

இன்னொன்று. இந்தக் காணி பற்றி அலுவலகக் கோப்பில் உள்ள மற்றக் கடிதங்களைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேணும். ஆனால் அந்த உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும். இரட்டைப் பிரசாவுரிமை எடுக்காமல் கனடா, லண்டன் கடவுச்சீட்டோடு வருகிற நாங்கள் கையெழுத்து வைக்கக் கூடாது. சித்தியின் பெயரிலேயே எழுதி, அவரே ஒப்பம் வைத்து, பதிவுத் தபாலில் போட்டோம். தபால் துண்டைக் கவனமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், மேன்முறையீடு என்று வந்தால் தேவைப்படும்.