கோத்தகிரி பட்டறை அருவாள்: இரும்பை வெட்டுமா?

போன ஆவணியில் கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு பட்டறையில் 700 ரூபாய்க்கு வாங்கினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருவாள். எட்டு மாசம் தேயிலைத் தோட்டத்து ஓரம் மண்டிக்கிடந்த உண்ணிச்செடிப் புதரில் போட்டு அடித்தாகிவிட்டது, இனி எழுதலாம்.

வாங்கும்போதே பட்டறைக்காரர் மூன்று அங்குல ஆணியைக் கட்டையில் வைத்து ஒரே போடில் இரண்டாக்கி, “இரும்பையே வெட்டும் சார்” என்றார். நானும் வாயைப் பிளந்தேன். ஆணிதான் நகர முடியாமல் கட்டையில் படுத்திருந்ததே, அது அப்போது உறைக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் புதருக்குள் பழைய முள்கம்பி இருப்பது தெரியாமல் ஓங்கி வீசினேன். தொங்கிக்கிடந்த கம்பி துள்ளி விலகியது, அறுபடவே இல்லை. அருவாள் வாயில் உளுந்து அளவுக்கு ஒரு மடிப்பு.

ஆனால் எனக்குப் பிடித்ததே அந்த மடிப்புதான். இதற்கு முன்னால் டவுனில் பளபளவென்று வாங்கிய கத்தி இதே மாதிரி கம்பியில் பட்டு, துண்டாகவே பெயர்ந்து போனது. பழுக்கக் காய்ச்சி சட்டென்று தோய்த்துக் குளிரவைத்ததோடு விட்ட இரும்பு கண்ணாடி மாதிரி, கடினம்தான், ஆனால் உடையும். அதை மறுபடி இளஞ்சூடு காட்டினால் வைக்கோல் நிறம் வரும், தாண்டினால் ஊதா, பிறகு நீலம், அந்த நிறத்தைப் பார்த்து நிறுத்துவதில்தான் கைவேலை இருக்கிறது. இவர் சரியாக நிறுத்தியிருக்கிறார். பத்து நிமிஷம் அரம் போட்டேன், மடிப்பு போய்விட்டது. (ஊர்ப் பேரிலேயே கோத்தர் இருக்கிறார்கள், நீலகிரிப் பழங்குடி, இதே மலையில் வாழும் படகருக்கும் தொதவருக்கும் காலங்காலமாக இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள். இங்கே மட்டமான அருவாள் விற்றால் எப்படி?)

குறையும் உண்டு. ஐப்பசி மழையில் பிடி ஊறி, காய்ந்ததும் அதை இறுக்கும் பூண் கழன்று, பிடி மட்டும் கையோடு வந்தது. கால் தப்பியது என் அதிர்ஷ்டம். கேட்டால், “ஆப்பு அடிங்க, சரியாயிடும்” என்கிறார். 700 ரூபாய் வாங்கினவர் ஆப்பையும் அடித்துக் கொடுத்திருக்கலாம்.

இரும்பு வெட்டத்தான் வேண்டுமென்றால் அருவாள் எதற்கு? அதே பட்டறையில் வெட்டிரும்பு, அதாவது சுத்தியலால் அடித்து இரும்பை வெட்டும் உளி, 150 ரூபாய். அதன் வாய் சுமார் 60 டிகிரி, அருவாளைவிட ரொம்ப மொண்ணை, அதனால்தான் அடி தாங்குகிறது. அந்த முள்கம்பியைப் பாறையில் வைத்து வெட்டிரும்பால் இரண்டு அடி அடித்தேன், தீர்ந்தது.