67,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு: கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போகிறவர்கள் கவனத்துக்கு

"பில் இருக்கா தம்பி?"

எனக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்த கடைக்காரர் இன்று மதியம் போனில் கேட்ட கேள்வி இது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து ரயிலேறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பதினான்கு மாதம் சேர்த்த 67,500 ரூபாய் பையில். கையில் பட்டியல்: ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் ப்ரான்ஸ் ரேட்டிங் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை). நான்கு கடை ஏறி இறங்கிவிட்டு, மாடியில் இருந்த ஒரு சின்ன அசெம்பிளிங் கடைக்குள் நுழைந்தேன். அந்தத் தெருவில் ஒழுங்கான கடைகளும் உண்டு, என் நேரம்.

பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக டிக் அடித்தார். "யாரு போட்டுக் கொடுத்தது? நீங்களேவா? சூப்பரா எடுத்திருக்கீங்க தம்பி" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் டீ வந்தது. "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சன்ட் ஏறும். எஸ்டிமேட் சீட்டுல எழுதி சீல் வச்சுத் தரேன். வாரண்டிக்கு நான் இருக்கேன்ல?" சரி என்று ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். "சாப்பிட்டு வாங்க, ஒரு மணி நேரத்துல ரெடி." போய் பிரியாணி சாப்பிட்டேன், முட்டாள். திரும்பி வந்தால் கேபினட் மூடி, ஸ்க்ரூ முடுக்கி, கலர் கலராக விளக்கு எரிகிறது. பார்ட்ஸ் வந்த பெட்டிகள்? "ட்ரெயின்ல எப்படித் தூக்குவீங்க? இங்கயே இருக்கட்டும்."

வீட்டில் கேம் போட்டால் மெனு வரை நன்றாக ஓடும். சண்டை தொடங்கியதும் கரண்ட் போன மாதிரி பொட்டென்று அணைந்துவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பக்கம் 650 என்று பெரிய ஸ்டிக்கர். மறுபக்கம் பொடி எழுத்தில் +12 வோல்ட், 20 ஆம்பியர். பெருக்கினால் 240 வாட். கார்டும் ப்ராசசரும் அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓட வேண்டும். கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும், ப்ராசசர் முழு வேகத்தில் 76. எங்கே தாங்கும்?

சந்தேகப்பட்டு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கார்டு மெமரி 8 ஜிபி! 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி ரகம் ஒன்று உண்டு. மெமரி பாதை 192 பிட்டுக்குப் பதில் 128 பிட், வேகமும் குறைவு. சீட்டை எடுத்துப் பார்த்தேன். "3060" என்று மட்டும் எழுதியிருக்கிறார். "எஸ்எம்பிஎஸ் 650", கம்பெனி பெயர் இல்லை.

ஞாயிறு கடை லீவு. திங்கள்: "வீட்டுல எர்த்திங் பாருங்க." செவ்வாய்: "விண்டோஸ் மாத்திப் போடுங்க." புதன்: "ஓனர் வெளியூர்ல." சனிக்கிழமை 67,500-ஐ எண்ணி வாங்கியபோது நீங்கள்தானே அண்ணா ஓனர்? இன்று, 12 ஜிபி எங்கே என்று கேட்டதற்குத்தான் அந்த "பில் இருக்கா" கேள்வி. கார்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலும் அதையே கேட்டார்கள்.

பார்ட்ஸ் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், அதில் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பெட்டிகளை விட்டு வராதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். மாட்டி முடிக்கும்வரை பசித்தாலும் நகராதீர்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன், கையில் இந்தச் சீட்டு மட்டும்தான். அதற்கு முன் நாளைக் காலை ரயிலில் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். அவரிடம் 40,000 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.