சென்னை – சிங்கப்பூர்: நாலேகால் மணி நேரம், போனது ஒரு முழு ராத்திரி

“சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ராத்திரி ஃபிளைட்டில் ஏறினால் தூங்கிக்கொண்டே போய்விடலாம் இல்லையா?” என்று நண்பர் கேட்டார். இந்த ரூட்டில் பல வருஷமாகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தூங்க முடியாது.

தூரம் சுமார் 2,900 கி.மீ. வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபார் பக்கமாக வந்து, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும் பாதை. 840 கி.மீ. வேகத்துக்கு மூன்றரை மணி நேரம்தான். ஏறி இறங்குவது, ரன்வே வரை ஊர்ந்து போவது எல்லாம் சேர்த்து டிக்கெட்டில் சுமார் நாலேகால் மணி நேரம் என்று போடுவார்கள். அதிலேயே கொஞ்சம் தாராளம் இருப்பதால், கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவத்தில் உயரத்தில் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

எரிச்சல் வேறு இடத்தில். இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் காட்டும். பார்த்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மாதிரி இருக்கும். அதில் இரண்டரை மணி நேரம் வெறும் கடிகார வித்தியாசம். மிச்சம் 255 நிமிடம். ரன்வேக்குப் போக 20, மேலே ஏற 20, சாப்பாடு கொடுத்துத் தட்டை எடுக்க 70, விளக்கைப் போட்டு இறங்கத் தயாராவதில் 40, கேட்டுக்குப் போக 10. கண்ணை மூடக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்! சாங்கியில் இறங்கும்போது உடம்புக்கு மணி விடிகாலை மூன்றரை. இமிகிரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும்; அப்புறம் எங்கே போவது? ஹோட்டல் ரூம் மதியம் 2, 3 மணிக்குத்தான் தருவார்கள். நேராக வேலைக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம்.

வேறு வழியில்லை, ராத்திரிதான் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஜன்னல் சீட் எடுங்கள். போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி பெல்ட்டைப் போடுங்கள். மழை மேகங்களில் குலுங்கும்போது பெல்ட் பார்க்க எழுப்ப மாட்டார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது.

டெல்டா பக்கம் இருப்பவர்கள் திருச்சியைப் பாருங்கள். வான்வழித் தூரம் ஐம்பது கி.மீ.தான் கூட, சென்னை வரையிலான 330 கி.மீ. சாலை மிச்சம்.

நேரம் தவறாத நல்ல ரூட்தான், ஃபிளைட்டும் நிறைய. இருந்தாலும் என்னைக் கேட்டால் ராத்திரி ஃபிளைட் வேண்டவே வேண்டாம். காசு கூடப் போனாலும் பகல் ஃபிளைட்டைப் போடுங்கள். சாயங்காலம் இறங்கி, ரூமுக்குப் போய், படுத்துத் தூங்குங்கள்.