பொத்துவில் களப்பில் இரண்டு மணி நேரம்: சக்கர நாற்காலியோடு ஒரு தோணிப் பயணம்

நான் மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உப்புத் தண்ணீர்க் கரைகளில் வளரும் கண்டல் காடுகள் பற்றிய பாடத்தை 22 வருடமாக எடுக்கிறேன். மரத்தைத் தாங்கி நிற்கும் மிண்டி வேரைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். சேற்றுக்குள் காற்று இல்லாததால்தான் மூச்சு வேர் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு மூச்சு வேரைக் கையால் தொட்டுப் பார்த்தது போன சனிக்கிழமைதான். இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. இப்போது சக்கர நாற்காலி. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியை எவ்வளவு நேரமும் பார்க்கலாம், கரைக்கு இறங்கத்தான் வழி இருக்கவில்லை.

பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கூட்டிப்போய்ப் பறவைகளும் கண்டலும் காட்டுகிறார்கள் என்று அக்காவின் மகள் சொன்னாள். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தேசியப் பூங்காவுக்கு ஜீப்பில் போனேன். நெஞ்சளவு உயரத்தில் படி. இரண்டு பேர் என்னை மூட்டை போலத் தூக்கி உள்ளே வைத்தார்கள், நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு யானையைச் சுற்றிப் பதினொரு ஜீப். அந்த யானை காதை விரித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அன்று பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லவே எனக்கு மனமில்லை.

அதனால் இந்த முறை தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் கேட்டேன். தோணி எவ்வளவு அகலம்? கரையில் மணலா சேறா? எடுத்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார். “பயப்படாதீங்க டீச்சர், இதுல மோட்டர் சைக்கிளையே ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போயிருக்கம்” என்றார்.

போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை அடித்திருக்கிறார்கள். அது ஒரு சின்ன மேடை, படி என்று ஒன்று இல்லை. இஞ்சினும் இல்லை, நீளக் கம்பால் ஊன்றித் தள்ளுகிறார்கள். சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பறவை கலையாமல் போக வேண்டும், ஆழமில்லாத தண்ணீரில் தட்டாமல் போக வேண்டும் என்று செய்தது எனக்கும் பொருந்திவிட்டது. மட்டமான தளம், மெதுவான ஓட்டம், குலுக்கல் இல்லை. நான் இதுவரை ஏறிய வாகனங்களில் என் நாற்காலியிலேயே இருந்தபடி போனது இதில் மட்டும்தான்.

ஏறும் இடம்தான் கஷ்டம். ஒழுங்கையிலிருந்து தண்ணீர் வரை கிட்டத்தட்ட 40 மீற்றர் மணல். முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. தென்னோலையை வெட்டி வரிசையாகப் போட்டு, நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்கள். தோணிக்கு ஏறக் குறுகிய பலகை ஒன்றுதான் இருந்தது, அது செங்குத்தாக நின்றது. நாற்காலியைத் தளத்தோடு கட்ட வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் வலைக்கயிற்றால் நான்கு பக்கமும் கட்டினார்கள், அசையவே இல்லை. உயிர்காப்பு அங்கி தந்தார்கள், எனக்குப் பெரிது. நாற்காலி நுழையும் கழிப்பறை கரையில் இல்லை. வருகிறவர்கள் அதற்கு முதலே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பட்டோம். கம்பு ஊன்றிய மீனவருக்கு அறுபது வயதிருக்கும், நானா என்றுதான் கூப்பிட்டோம். ஒரு வளைவில் கண்டல் வரிசையைக் காட்டி, “இதெல்லாம் நாங்க நட்ட கண்டு” என்றார். தோணியை மரத்தோடு அணைத்து நிறுத்தினார். கிளையில் முருங்கைக்காய் போல நீண்டு தொங்கியது, தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும் வித்து. பாடத்தில் நான் மூச்சுவிடாமல் சொல்லும் வரி அது. கையில் பிடித்தபோது குளிர்ச்சியாக, எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது. மூச்சு வேரையும் அங்கேதான் தொட்டேன். பென்சில் போலக் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அமர்த்தினால் கொஞ்சம் உள்ளே போகிறது. திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன்.

கடல் பக்கம் மணல்மேடு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதில் ஏறி ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் களப்பையும் பார்ப்பார்கள். கூட வந்த பெறாமகள், அக்காவின் மகள்தான், ஏறப் போனாள். இந்த மாதிரி நேரங்களில் என்னை வாகனத்தோடு விட்டுவிட்டு எல்லோரும் போவார்கள், எனக்குப் பழக்கம். நானா போகவில்லை. தோணியைச் சேற்று மேட்டுப் பக்கம் திருப்பி, கம்பைக் குத்தி நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சேற்றில் ஒரு துவாரம், பக்கத்தில் இன்னொன்று. ஒரு கால் மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வெளியே வந்து அந்தக் காலைத் தூக்கித் தூக்கி ஆட்டத் தொடங்கின. நூறு இருக்கும். நாங்கள் அசையாததால் வந்தவை அவை. மேட்டில் இருந்து சிரித்துக்கொண்டு இறங்கி வந்த பெறாமகளின் காலடி பட்டதும் அத்தனையும் மறைந்துவிட்டன. “என்ன சின்னம்மா பார்த்தீங்க?” என்று கேட்டாள். சொன்னால் நம்பவில்லை.

திரும்பும்போது மேற்குக் கரையில் மூன்று யானைகள், ஒன்று குட்டி. நானா கிட்டப் போகவில்லை, நாங்கள் கேட்டும் போகவில்லை. குட்டி தண்ணீர் குடித்து முடிக்கும் வரை தூரத்திலேயே நின்றோம். எனக்கு அதுதான் பிடித்தது.

தோணிக்கு 6000 ரூபாய் பேசினோம். கொடுத்த காசுக்கு மேலாகவே கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாக வானில் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். மாரி மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இதையும் எழுத வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகல் விதிகள் நமது நாட்டில் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் களப்புக் கரைக்கு யாரும் கொங்கிரீட் கொட்டத் தேவையில்லை, கொட்டவும் கூடாது, கண்டல் போய்விடும். கழற்றி எடுத்து வைக்கக்கூடிய பலகைப் பாதை போதும். தளம் கரையிலிருந்து ஒரு அடி உயரம், அப்படியென்றால் நாற்காலி செங்குத்தில்லாமல் மெல்லிய சரிவில் ஏற, பலகை 12 அடி நீளம் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டி வருவதாகச் சொன்னேன். அதற்குள் புதுப் பலகை அடித்து வைப்பதாக நானா சொன்னார். ஒரு கொப்பித்தாளில் அளவை எழுதிக் கொடுத்தேன்: நீளம் 12 அடி, அகலம் 3 அடி, இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் இரண்டு அங்குலச் சட்டம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.