ராத்திரி சுட்ட குழாய்

சோலார் வாட்டர் ஹீட்டர் போடப் போகிறவர்கள் முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மாடியில் பேனல், கீழே 300 லிட்டர் டேங்க், நடுவில் பம்ப். வெயில் இல்லாத நாளுக்கு டேங்குக்குள்ளேயே 2 கிலோவாட் ஹீட்டர். சாயங்காலம் மீட்டர் 60 டிகிரி காட்டும். யாரும் குழாயைத் திறக்காமலே காலையில் 38. போட்டவரைக் கேட்டால், "பெரிய டேங்க்கா வாங்கியிருக்கணும் சார், நான் அப்பவே சொன்னேனே" என்றார். சொல்லவே இல்லை. அந்த 22 டிகிரி சும்மா இல்லை, ஏழரை யூனிட்டுக்கு மேல். ஹீட்டர் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடினால்தான் திரும்பக் கிடைக்கும்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, பேனலுக்குப் போகும் குழாயை எதேச்சையாகத் தொட்டேன். சுட்டது! பம்ப் ஓடவில்லை. சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறி, பேனலில் ஆறி, இன்னொரு குழாய் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் சேர்த்த சூட்டை ராத்திரி முழுக்க வானத்துக்குத் தானம் செய்திருக்கிறோம். இதைத் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போதும், தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும், உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைச் சாமான். பில்லில் அதற்குத் தனி வரியே இருந்தது. டார்ச் அடித்துக் குழாயை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், வால்வைக் காணோம். போன் செய்தால், "அதெல்லாம் பேனலுக்குள்ளேயே இருக்கும் சார்". அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

இது பணநஷ்டம், போகட்டும். இன்னொன்றை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடானால் தண்ணீர் சுமார் ஒன்றரை சதவீதம் விரியும். 300 லிட்டருக்கு நாலரை லிட்டர். அதை வாங்கிக்கொள்ள எக்ஸ்பான்ஷன் டேங்க் வைக்கவில்லை, அதனால் சேஃப்டி வால்வு தினமும் சொட்டியது. அவர் போனை எடுத்துக்கொண்டிருந்த நாளிலேயே புகார் சொன்னேன். வந்தார், ஐந்தே நிமிடத்தில் சொட்டு நின்றது. நானும் நன்றி சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். வால்விலிருந்து வெளியே வரும் குழாயின் வாயில் மூடி போட்டுத் திருகியிருக்கிறார்! அழுத்தம் எகிறினால் டேங்க் வெடிக்காமல் காப்பதே அந்த வால்வுதான்.

பிறகு வந்த பிளம்பர் முதல் வேலையாக ஹீட்டர் ஸ்விட்சை அணைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு அந்த மூடியைக் கழற்றினார். எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்து, நான்-ரிட்டர்ன் வால்வையும் அம்புக்குறி சரியான பக்கம் பார்க்கிறதா என்று என்னிடமே காட்டிவிட்டு மாட்டினார். இப்போது காலையில் 56. ராத்திரி படுக்கப் போகுமுன் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.