கர்லி மேப்பிள் துப்பாக்கிக் கட்டையைச் செதுக்கக் கொடுக்கப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு, குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள்மேல் ஆசை வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் கழிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே இங்கே தனி மான்வேட்டைப் பருவம் வரும். 1974 முதல் இருக்கிறது. என் துப்பாக்கியின் கட்டையை, அதாவது குழலைத் தாங்கும் மரப்பகுதியை, ஒருவரிடம் செதுக்கக் கொடுத்திருந்தேன். அந்தப் பருவத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் அவர் முன்பணம் வாங்கினார். மீதியையும் எண்ணி வைத்த பிறகே கட்டையைக் கண்ணில் காட்டினார்.

உதிரிகளாக வாங்கிப் பூட்டிய துப்பாக்கி அது. அப்படி வரும் கட்டைகள் பெரும்பாலும் தடித்துக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டில் இதே பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மன் கைவினைஞர்கள் செய்தவற்றின் ஒல்லியான அழகு அவற்றில் இருக்காது. அந்தச் சதையைக் குறைத்துத் தரவேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆனால் கர்லி மேப்பிள் லேசில் மசியாத மரம். புலிவரி போல மின்னுவதற்குக் காரணம் அதன் நார் அலையலையாக ஓடுவதுதான். அதே நார் விரற்கடைக்கு விரற்கடை திசை மாறுவதால், இழைப்புளி ஒரு வரியில் வழவழவென்று சீவும், அடுத்த வரியில் சில்லுச் சில்லாகப் பிய்த்துக்கொண்டு வரும். கைதேர்ந்தவர்கள் அரத்தால் ராவி, கடைசியில் கூரான தகட்டால் சுரண்டியே வழிக்குக் கொண்டுவருவார்கள். பொறுமை வேண்டிய வேலை. இவரோ பெல்ட் சாண்டரை, அதாவது உப்புத்தாள் பட்டை சுழலும் மின் இயந்திரத்தை, ஓட்டியிருக்கிறார்.

கைக்கு வந்த கட்டை கரும்பழுப்புப் பூச்சில் பளபளத்தது. விசைத்தகடு (சுடும் பொறி பூட்டிய இரும்புத் தகடு) பதியும் இடத்தில் விளிம்புகள் மழுங்கி, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைந்தது. சந்தேகப்பட்டுப் பூச்சைக் கரைத்து எடுத்தேன். பழைய முறைப்படி, இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைத் தடவிச் சூடு காட்டினேன். மரம் செம்பழுப்பாக மாறியது. கன்னம் வைக்கும் பக்கத்திலும் கைப்பிடிக் கழுத்திலும் மட்டும் திட்டுத் திட்டாக வெளிறி நின்றது. மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பட்டி பார்த்த இடங்கள் அவை. பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கழுத்தில் இருந்த பட்டியை ஊசியால் நெம்பினால், உள்ளே குறுக்காக ஒரு விரிசல்! கட்டையிலேயே மெலிந்த இடம் கழுத்துதான். சுடும்போது வரும் உதை முழுவதையும் அதுதான் தாங்க வேண்டும்.

கேட்டதற்கு, "இந்த மரத்தின் குணமே அப்படித்தான்" என்றார். பிய்வது மரத்தின் குணம், சரி. மூடி மறைத்தது யாருடைய குணம்?

யாரிடம் கொடுத்தாலும், என்ன கருவியால் வேலை செய்வார் என்று முதலிலேயே கேளுங்கள். பூச்சுக்கு முன் வெறும் மரமாகக் காட்டச் சொல்லுங்கள். மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் துடைத்தால் பசைத் திட்டுகள் தனியாகத் தெரியும். ஜன்னலோரச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாண்டர் விட்ட மேடுபள்ளமும் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அவர் முகம் சுளித்தால் கட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. வேறொருவரிடம் காட்டினேன். ஒட்டினாலும் சுடுவதற்கு லாயக்கில்லை, புதுக் கட்டைதான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.